மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் சேர்ந்து அரசிடம் கேட்பது எப்படி?

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு, ஹீமோபிலியா, தலசீமியா என்று ஏதாவது ஒரு நோயோடு வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு அலைகிற வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். மருந்து இல்லை, மெஷின் ரிப்பேர், டாக்டர் பணியிடம் காலி என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கவுண்டரில் சத்தம் போட்டுத் திரும்புகிறோம். அதையே சேர்ந்து, முறையாக, எழுத்தில் கேட்டால் சில காரியங்கள் நடக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் முடக்குவாத நோயாளிகள் கொஞ்சம் பேர் சேர்ந்து இதைச் செய்தோம். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரிவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விட்டது. தமிழ்நாட்டில் இதைத் தொடங்குகிற மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டம் காட்டி ஜெயிக்கிற ஆட்கள் இல்லை நாம். காலையில் விரல் மடங்காதவரையும், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் படுக்கிறவரையும், வெயிலில் நின்றால் மயங்குகிறவரையும் வைத்துக்கொண்டு பேரணி நடத்த முடியாது. நமக்குக் கைகொடுப்பது கணக்குதான். எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிய நோட்டு கையில் இருந்தால், மூன்று பேர் போனாலும் அதிகாரி உட்கார வைத்துப் பேசுவார்.

1. முதல் ஏழு பேரைச் சேருங்கள்

ஆள் தேடி ஊர் சுற்ற வேண்டாம். உங்கள் நோய்க்கான ஓ.பி. நாள் எது என்று உங்களுக்கே தெரியும். அன்று வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர்தான் முதல் உறுப்பினர். "உங்களுக்குப் போன மாசம் முழு மாத்திரையும் கொடுத்தாங்களா?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே பேசுவார். பெயர், போன் நம்பர், எந்த மருந்து, எங்கே வாங்குகிறார் என்ற நான்கை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் சங்கமாகப் பதிவு செய்வதென்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

ஒரு வேலைக்கு இருவரைப் போடுங்கள். நோட்டு எழுத இருவர், மனு கொடுக்க இருவர், பணம் பார்க்க இருவர். ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் மற்றவர் பார்த்துக்கொள்வார். "ஏன் வரலை?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். இருவரில் ஒருவர் நோயாளியின் கணவர், மனைவி, மகள் என்று ஆரோக்கியமான ஆளாக இருந்தால் நல்லது. ஆனால் பேசுவதும் முடிவெடுப்பதும் நோயாளியாகவே இருக்கட்டும். வீட்டார் பேச ஆரம்பித்தால் கோரிக்கை மெல்ல மெல்ல அவர்களுக்கு வசதியான பக்கம் சாய்ந்துவிடும்.

கூட்ட நேரமும் முக்கியம். முடக்குவாதக்காரர்களுக்குப் பதினோரு மணிக்கு முன் கை கால் அசையாது. சர்க்கரைக்காரர்களைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைக்கக் கூடாது. டயாலிசிஸ் முடிந்த அன்று யாரையும் அழைக்காதீர்கள். மாதம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரம் போதும், போனில் சேர்கிறவர்கள் போனிலேயே சேரட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே "இந்த இலையை அரைத்துக் குடித்தால் இன்சுலின் தேவையில்லை" என்ற ஃபார்வர்டு வந்து சேரும். அதை நம்பி யாராவது மருந்தை நிறுத்தினால் பழி குழுவின் தலையில்.

2. நோட்டுப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நீளமான ரூல் நோட்டு ஒன்று போதும். பத்திகள் இவை:

தேதி, மருத்துவமனை, மருந்தின் ஜெனரிக் பெயரும் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் பொதுப்பெயர்) அளவும், டாக்டர் எழுதியது எத்தனை நாளுக்கு, கவுண்டரில் கொடுத்தது எத்தனை நாளுக்கு, மீதிக்கு என்ன சொன்னார்கள், வெளியில் வாங்கினால் எவ்வளவு ஆனது, அன்றைய பஸ் செலவு, வேலைக்குப் போகாததால் இழந்த கூலி.

கடைசி இரண்டையும் பலர் எழுத மாட்டார்கள். எழுத வையுங்கள். "மருந்து இலவசம்தானே, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளட்டும்" என்று சுலபமாகச் சொல்கிற அதிகாரிக்கு, அந்த அடுத்த வாரத்தின் விலை ஒரு நாள் கூலி என்று காட்டுவது இந்தப் பத்திகள்தான்.

சான்று இல்லாத வரி வெறும் புகார். முப்பது நாளுக்கு எழுதிய சீட்டில் மருந்தாளுநர் பத்து நாளுக்குத்தான் கொடுத்ததாகக் குறித்திருப்பார், அல்லது மருந்தின் பக்கத்தில் பேனாவால் 'இல்லை' என்று போட்டிருப்பார். அந்தச் சீட்டை அங்கேயே போனில் படம் எடுத்து, தேதியோடு குழுவின் பொறுப்பாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளியில் வாங்கிய பில்லையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்காமல் பல கடைகளில் தர மாட்டார்கள்.

மூன்று மாதம் எழுதுங்கள். ஒரு மாதம் மட்டும் எழுதினால் "அந்த மாதம் சப்ளை கொஞ்சம் தாமதம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அப்புறம் ஒப்புதல். ஒவ்வொருவரிடமும் ஒரு சின்னத் தாளில் எழுதி வாங்குங்கள்: என் விவரத்தைப் பெயரோடு தரலாம், பெயரில்லாமல் எண்ணிக்கையில் மட்டும் சேர்க்கலாம், பத்திரிகைக்குத் தரலாம், தரக்கூடாது. நான்கில் எது என்று டிக் அடித்துக் கையெழுத்து. வலிப்பு இருக்கிற பெண்ணின் பெயர் ஊருக்குள் தெரிந்தால் கல்யாணப் பேச்சில் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். எச்.ஐ.வி. என்றால் இன்னும் கவனம். ஒருவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

3. மருந்து எங்கே நின்றுபோனது என்று பாருங்கள்

மருந்து இல்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையானதைக் கேட்டுக் கிடங்கிலிருந்து எடுத்துவர வேண்டும்.

முதல் வகை, கிடங்கில் மருந்து இருக்கிறது, மருத்துவமனை குறைவாகக் கேட்டிருக்கிறது. நோயாளி எண்ணிக்கை கூடியிருக்கும், தேவைப்பட்டியல் பழைய கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கும். இதை மருத்துவமனை அளவிலேயே சரிசெய்யலாம்.

இரண்டாவது, கிடங்கிலேயே இல்லை. டெண்டரோ சப்ளையோ தாமதம். இதைச் சென்னையில்தான் கேட்க வேண்டும். ஆனால் அதுவரை மருத்துவமனை உள்ளூர்க் கொள்முதல் செய்து கொடுக்க வழி இருக்கிறது. அதைத் தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள்.

மூன்றாவது, மருந்து கழகத்தின் பட்டியலிலேயே இல்லை. இது கொள்கை முடிவு. மருத்துவமனைக்காரர்களிடம் எவ்வளவு கத்தினாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள மருந்தாளுநரிடம் பணிவாகக் கேளுங்கள். பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், தினமும் திட்டு வாங்குவது அவர்கள்தானே. அவர் சொன்னார் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

4. யாருக்குக் கீழே எந்த மருத்துவமனை

மனுக்கள் சுற்றிச் சுற்றி வருவது பெரும்பாலும் இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 'ஜி.எச்.' ஆனால் உள்ளே மூன்று தனித் தனி இயக்குநரகங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அதன் தலைவர் டீன், மேலே மருத்துவக் கல்வி இயக்குநரகம். மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை என்றால் இணை இயக்குநர் நலப்பணிகள். எல்லோரும் ஜே.டி. என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதாரத் துறையின் மாவட்ட சுகாதார அலுவலர். மாநகராட்சி மருத்துவமனை என்றால் மாநகராட்சியின் நகர்நல அலுவலர்.

டீனுக்குப் போக வேண்டிய மனு ஜே.டி.க்குப் போனால் 'எமது கட்டுப்பாட்டில் இல்லை' என்று பதில் வரும், மாதம் ஒன்று போய்விடும். மனு எழுதுமுன் மருத்துவமனைப் பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். துறை பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

5. கோரிக்கையைச் சுருக்குங்கள்

கூட்டத்தில் இருபது குறை வரும். எல்லாம் நியாயமாகவே இருக்கும். மனுவில் ஒன்றுதான் போக வேண்டும். மிஞ்சிப்போனால் இரண்டு.

நல்ல கோரிக்கையில் யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றும் இருக்கும். 'நோயாளிகளின் நலன் காக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் எழுதிவிடுவார்கள். 'மெத்தோட்ரெக்சேட் மாத்திரை முழு மாதத்துக்கும் தடையின்றிக் கிடைக்க, தற்போதைய நோயாளி எண்ணிக்கையின்படி தேவைப்பட்டியலைத் திருத்தி அனுப்ப வேண்டும்' என்று எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது.

கம்பெனிப் பெயரை மனுவில் எழுதவே எழுதாதீர்கள், ஜெனரிக் பெயர்தான். பிராண்ட் பெயர் இருந்தால் யாரோ மருந்துக் கம்பெனிக்காரர் தூண்டிவிட்ட மனு என்று நினைப்பார்கள். இதைத் தொட்டு இன்னொன்று: குழு கொஞ்சம் பெயர் வாங்கியதும் "ஹால் நாங்கள் பிடித்துத் தருகிறோம், சாப்பாடும் எங்கள் செலவு" என்று கம்பெனிகள் வரும். என் யோசனை, ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

இன்னொரு தந்திரம், புதுத் திட்டம் கேட்பதைவிட இருக்கிற திட்டத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்பது சுலபம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், வீட்டில் வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கான பைகளும் அதில் உண்டு. 'அதே ஊழியர் அதே தெருவுக்கு வரும்போது எங்கள் மாத்திரையையும் கொண்டுவரட்டும்' என்பது அதிகாரிக்கு எளிதில் புரிகிற கோரிக்கை.

6. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்

உங்கள் நோட்டு ஒரு பக்கக் கணக்கு. அவர்களின் பதிவேடு மறுபக்கக் கணக்கு. இரண்டும் ஒரே மேசையில் இருந்தால்தான் பேச்சு நகரும்.

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். இணையத்தில் போட மாநில அரசின் தளமும் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றின் நகல் வைத்தால் கட்டணம் இல்லை. நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் செய்து வையுங்கள்.

சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். சட்டம் உரிமை தருவது குடிமகனுக்கு, ஆகவே ஒரு தனிமனிதர் பெயரில் போங்கள். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

அ) இன்ன மருந்து, இன்ன அளவு: கடந்த 12 மாதங்களில் மாதவாரியாக ஆரம்ப இருப்பு, வரவு, வழங்கியது, இறுதி இருப்பு.
ஆ) அதே காலத்தில் கிடங்குக்கு அனுப்பிய தேவைப்பட்டியல்களின் நகல்.
இ) உள்ளூர்க் கொள்முதல் செய்திருந்தால் தேதி, அளவு.
ஈ) இந்த நோய்ப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எப்போதிலிருந்து.

'ஏன்' என்று ஒரு கேள்வியும் வேண்டாம். பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லியே நிராகரிப்பார்கள். மற்ற நோயாளிகளின் பெயரையும் கேட்காதீர்கள்.

பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அது இழுக்கும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நோட்டுப் போடத் தொடங்கிய அதே மாதத்தில் இந்த மனுவையும் போட்டுவிட்டால், இரண்டும் கையில் வரும்போது சரியாக இருக்கும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பதில் என்றும் ஒரு விதி உண்டு. எல்லாவற்றுக்கும் அதை இழுத்தால் நிஜமாகத் தேவைப்படுகிற நாளில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

7. மனு கொடுங்கள்

ஒரு பக்கம். மேலே கோரிக்கை, நடுவில் நோட்டிலிருந்து எண்ணிக்கை, கீழே இணைப்புகளின் பட்டியல். 'பெறுநர்' ஒருவர்தான், மற்றவர்களுக்கு நகல். கையெழுத்துத் தாள் தனியாக இருக்கட்டும். அதிலும் நோயின் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள், அது கை மாறி எங்கெங்கோ போகும்.

முதல் மனுவை மருத்துவமனைத் தலைவரிடமே கொடுங்கள். நேரே ஆட்சியரிடம் போனால் அவர் கீழே அனுப்புவார், "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று அங்கே முகம் சுளிப்பார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு, அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

திங்கட்கிழமைக்குச் சில குறிப்புகள். காலையிலேயே போய் மனுவைப் பதிந்து எண் வாங்குங்கள். அந்த எண்தான் எல்லாம். வாசலில் போலீஸ் பையைச் சோதிப்பார்கள், பாட்டிலைத் திறந்து முகர்ந்தும் பார்ப்பார்கள், மண்ணெண்ணெய் பயம். இன்சுலின், ஊசி, திரவ மருந்து வைத்திருப்பவர்கள் மருந்துச் சீட்டையும் கையில் வையுங்கள். கூட்டம் நெரிசலாக இருக்கும். மாற்று சிறுநீரகம் பொருத்தியவர்களையும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களையும் கூட்டிப் போகாதீர்கள். மூன்று பேர், முகக்கவசம், தண்ணீர், பிஸ்கட். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம் இருக்கும், கேளுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குப் புகார் சொல்லலாம், இணையத்திலும் போடலாம். அங்கும் எண் கிடைக்கும்.

மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 99 (2015) சொல்கிறது. நினைவூட்டுக் கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இனி முக்கியமான பொறி. பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: 'தற்போது மேற்படி மருந்து போதிய அளவு இருப்பில் உள்ளது. மனு முடிக்கப்படுகிறது.' இதைப் பார்த்துப் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். பதிலில் இருக்கிற தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தில் மருந்து கிடைக்காதவர்களின் சீட்டுகளை நோட்டிலிருந்து எடுங்கள். 'தங்கள் பதில் இன்ன தேதி. அதே வாரத்தில் இத்தனை பேருக்கு மருந்து வழங்கப்படவில்லை. நகல்கள் இணைப்பு' என்று மூன்று வரியில் திருப்பி எழுதுங்கள். கோபம் வேண்டாம். இந்த இரண்டாவது கடிதத்துக்கு முதல் மனுவைவிட மதிப்பு அதிகம்.

8. சங்கம் பதிவு செய்யலாமா?

உடனே வேண்டாம். மனுக் கொடுக்கவும் தகவல் கேட்கவும் பதிவு தேவையில்லை. வங்கிக் கணக்கு, நன்கொடை, அரசுக் கூட்டங்களுக்கு அழைப்பு, வழக்கு என்று வரும்போதுதான் தேவைப்படும். ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்து பாருங்கள். யார் நிற்கிறார்கள், யார் பதவிக்கு வந்தவர்கள் என்று தெரிந்துவிடும்.

பதிவு செய்வதென்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். சங்கத்தின் நோக்கக் குறிப்பு, துணை விதிகள், நிர்வாகிகள் பட்டியல், உறுப்பினர்களின் அடையாள, முகவரிச் சான்று, அலுவலக முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், இவையெல்லாம் வேண்டும். அரசுக் கட்டணத்தைவிட எழுதிக் கொடுக்கிறவர் கேட்கிற தொகை பெரிதாக இருக்கும். கட்டண விவரத்தை அலுவலகத்திலேயே கேட்டுக்கொண்டு அப்புறம் அவரிடம் பேசுங்கள். துணை விதிகளில் 'நிர்வாகிகளில் பெரும்பான்மை நோயாளிகளாக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பதிவு ஆனதோடு முடியாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். ஊரில் பாதிச் சங்கங்கள் செத்துக் கிடப்பது இதைச் செய்யாமல்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய சொந்தக்காரர் பாசத்தில் சங்கக் கணக்குக்குப் பணம் அனுப்புவார். அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான சட்டத்தில் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. எப்படியானாலும் நாங்கள் முடிந்தவரை பணம் வாங்குவதில்லை. நகல் எடுக்கவும் தபாலுக்கும் பஸ்ஸுக்கும் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே வேலை நடக்கிறது.

9. கொள்கை மாற வேண்டுமென்றால் காலண்டரைப் பாருங்கள்

மருந்துப் பட்டியல், காப்பீடு, புதுப் பணியிடம் போன்றவை மாவட்டத்தில் முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கிற சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வெளியில் வாங்குகிற மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பயன்படாது. நாள்பட்ட நோயில் குடும்பத்தைக் கரைப்பது இந்தச் செலவுதான், ஆகவே கேட்க வேண்டிய பெரிய கோரிக்கையும் இதுவே.

பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதையடுத்து மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கான நிதி ஒதுக்கீட்டையும் பற்றிச் சட்டமன்றத்தில் நடக்கிற விவாதம். சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை அன்றுதான் அமைச்சர் புதிய அறிவிப்புகளைச் சொல்வார். பிப்ரவரியில் மனு எழுதினால் காலம் கடந்துவிட்டது. துறைக்குள் கணக்குப் போடுவது முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில், எனவே அக்டோபருக்குள் உங்கள் தாள் துறைச் செயலாளருக்கும் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் போயிருக்க வேண்டும். சுகாதாரத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் கிடைக்கும். அதில் உங்கள் நோய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை என்று பார்த்து, அந்தப் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது சால்வை வேண்டாம். சட்டமன்றத்தில் அவர் அப்படியே கேட்கக்கூடிய ஒரு கேள்வியை ஒரு தாளில் டைப் செய்து கொண்டுபோங்கள். எல்லாக் கட்சிக்காரரிடமும் அதே தாளைக் கொடுங்கள், அதுதான் குழுவுக்குப் பாதுகாப்பு.

சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. அது மாவட்டங்களுக்கு வரும்முன் ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். மனு தமிழில், ஐந்து நகல்கள். தனிநபர் குறையை எடுக்க மாட்டார்கள், பொதுப் பிரச்சினையாக எழுதுங்கள். வழக்கு நடக்கிற விஷயமும் கூடாது. பலருக்குத் தெரியாத, ஆனால் உருப்படியான வழி இது.

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் பற்றித் தீர்மானம் போட்டு நகல் வாங்கி, அடுத்த மனுவில் இணையுங்கள்.

ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் ஆகியவை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகின்றன. அவர்கள் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) எடுத்துக்கொண்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். சர்க்கரை, சிறுநீரகம் அந்தப் பட்டியலில் இல்லை.

10. ஆர்ப்பாட்டம், பத்திரிகை, கோர்ட்

இவை கடைசி. டெல்லியில் 2022-இல் எச்.ஐ.வி. மருந்துத் தட்டுப்பாட்டுக்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நோயாளிகளே ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். முடியாதது இல்லை. ஆனால் அதற்கு வலுவான அமைப்பு வேண்டும்.

ஆர்ப்பாட்டம் என்றால் சென்னையில் 5 நாள் முன்னதாகக் காவல் ஆணையரிடம் எழுதிக் கேட்க வேண்டும். மற்ற ஊர்களிலும் அதே அவகாசம் கொடுத்துக் காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள், மைக்குக்கும் சேர்த்துக் கேளுங்கள். நிழல், நாற்காலி, கழிவறை மூன்றும் இல்லாத இடம் கொடுத்தால் தேதியை மாற்றுங்கள். வர முடியாதவர்கள் தங்கள் காலி மாத்திரை அட்டையையும் 'இல்லை' என்று எழுதிய சீட்டின் நகலையும் கொடுத்தனுப்பட்டும். அவற்றை ஒரு துணியில் பின் செய்து மாட்டினால் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நோயாளியின் முகம் தேவைப்படாது.

மருத்துவமனை வளாகத்துக்குள் கூச்சல், தள்ளுமுள்ளு கூடவே கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்கும் நிலையங்களுக்கும் எதிரான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் வர முடியாத பிரிவு. குழுவில் அரசு ஊழியர்கள் இருந்தால் அவர்களை மேடையில் ஏற்றாதீர்கள், நடத்தை விதிகள் அவர்களுக்குத் தொல்லை கொடுக்கும்.

கோர்ட் என்றால் முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி 15100. மருத்துவமனைச் சேவை பற்றிய குறைகளை நிரந்தர மக்கள் நீதிமன்றத்திலும் கட்டணமில்லாமல் எடுத்துப் போகலாம். பொதுநல வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ போட வேண்டும். அங்கே கேட்கிற முதல் கேள்வி, "அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா, என்ன பதில்?" உங்கள் ஃபைல் அதற்குப் பதில் சொல்லும்.

11. மருந்து வந்த பிறகு

வரும். இரண்டு மாதம் ஒழுங்காக இருக்கும். குழுவில் எல்லோரும் நோட்டை மூடிவிடுவார்கள், மூன்றாம் மாதம் மறுபடி பத்து நாள் மாத்திரை. அதனால் மருந்து முழுதாகக் கிடைத்த நாளையும் எழுதுங்கள். அதிகாரி மாறி வரும்போது, 'முந்தையவர் காலத்தில் இத்தனை மாதம் தடையில்லாமல் கிடைத்தது' என்று காட்ட அந்த வரிகள்தான் உதவும். சரிசெய்து கொடுத்தவருக்கு ஒரு நன்றிக் கடிதமும் அனுப்புங்கள், அடுத்த முறை போன் எடுப்பார்.

குழுவில் சிலருக்கு நோய் முற்றும், ஒருவர் இறந்தும் போவார். அவர் வீட்டில் இருக்கிற ஃபைலைக் கேட்டுப் போக யாருக்கும் மனசு வராது. ஆகவே முதல் மாதத்திலிருந்தே இரண்டு செட்: ஒன்று ஒரு வீட்டில், நகல் இன்னொரு வீட்டில். மனு எண்கள், தேதிகள், தகவல் உரிமைப் பதில்கள், தபால் ரசீதுகள், ஒப்புதல் தாள்கள், நோட்டின் நகல் என்ற வரிசையில் அடுக்கி, முன் அட்டையின் உள்பக்கம் அடுத்து எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். தேதி மாறும்போதெல்லாம் அழித்து எழுதலாம்.